ஈரத் திட்டின் விளிம்பில் ஒரு மனிதர்

குளத்துக் கரையின் வெளிச்சரிவில் ஓர் ஈரத் திட்டு இருந்தது. அதைப் பற்றி இரண்டு கருத்துகள் இருந்தன. மழைத் தண்ணீர் தேங்கி ஊறிய ஈரம் என்றது ஒரு தரப்பு. குளத்துத் தண்ணீர் கரைக்குள் புகுந்து இந்தப் பக்கம் கசிகிறது என்றது இன்னொரு தரப்பு. முதலாவது சரியென்றால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இரண்டாவது சரியென்றால் அன்றைக்கே மடையைத் திறந்து குளத்தில் பாதியை இறக்கிவிட வேண்டும்.

எது சரி என்று சொல்வதற்காக நாங்கள் போயிருந்தோம்.

மார்கழி மாதம், விடியற்காலை. பாளையங்கோட்டைக்கு மேற்கே, தாமிரபரணிக் கால்வாய் ஒன்றில் நிரம்புகிற குளம் அது. நாள்கணக்காகப் பெய்த மழை முந்தின இரவுதான் விட்டிருந்தது. விட்டது என்று சொல்லலாம், ஓய்ந்தது என்று சொல்ல முடியாது. மணிமுத்தாறு மலை தெரிய வேண்டிய திசையில் மலை இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் நின்றது. குளம் கரையின் கழுத்துவரை இருந்தது. மறுகால் வழியாக உபரித் தண்ணீர் விழுந்து ஓடும் இரைச்சல் கரை நெடுகக் கேட்டது. பேசுகிறவர்கள் கொஞ்சம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

நாங்கள் என்றால் நானும் என்னுடன் வேலை செய்யும் பெண்ணும். அவர் உவரிக்காரர். கணினி நிரல் எழுதுவதும் ட்ரோன் ஓட்டுவதும் அவர் வேலை. வருகிற படங்களையும் எண்களையும் சரிபார்த்து, கேட்டவர்களுக்குப் புரிகிற தமிழில் அறிக்கை எழுதுவது என் வேலை. அதற்கு முன் பல ஆண்டுகள் ஒரு நாளிதழின் திருநெல்வேலிப் பதிப்பில் படப் பிரிவில் இருந்தேன். இப்போது பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அலுவலகம். வாழைத் தோட்டம், செங்கல் சூளை, கல்குவாரி என்று மேலிருந்து எடுத்த படங்களை அளந்து சொல்லிப் பிழைத்து வந்தோம். குளத்துக் கரை வேலை அதுவரை வந்ததில்லை.

கரையில் இரண்டு பேர் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். ஒருவர் அந்தக் குளத்துக்குப் பொறுப்பான உதவிப் பொறியாளர். இளைஞர். மழைக்கோட்டுப் பையில் போனைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார். மற்றவர் குளத்துப் பாசன விவசாயிகள் சங்கத்தின் தலைவர். ஊரே அவரை அண்ணாச்சி என்றது. நாங்களும் அப்படியே அழைத்தோம். அறுபதைத் தாண்டியவர், நல்ல உயரம், முழு வழுக்கை. வேட்டியை மடித்துக் கட்டித் தலையில் துண்டு போட்டிருந்தார்.

"இதுக்குப் போயி ஏரோப்பிளேன் எல்லாம் எதுக்கு?" என்றார், பெட்டியிலிருந்து வெளியே வந்த ட்ரோனைப் பார்த்து. "ஒரு வாரமா மழ. கரை நனையாம என்ன செய்யும்? என் வேட்டியும்தான் நனைஞ்சு கெடக்கு. அதுவும் கசிவுதானா?"

பொறியாளர் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, மேலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க. எனக்கு ஒரே ஒரு பதில் வேணும். இருக்கா, இல்லையா."

"இல்லன்னு நான்தான் சொல்லுதேனே."

"நீங்க சொன்னா அவங்க ஏத்துக்க மாட்டாங்களே."

அண்ணாச்சி அப்படிச் சொன்னதற்குக் காரணம் கரைக்குக் கீழே தெரிந்தது. வயல்கள். முந்தின ஆண்டுப் பிசான நெல் சாகுபடிக்குக் குளம் பாதிகூட நிரம்பவில்லை. தண்ணீர் கடைசியாகச் சேரும் கடைமடைக்காரர்கள் நடாமலே விட்டார்கள். இந்த ஆண்டு ஐப்பசியிலேயே குளம் நிரம்பிவிட்டது. கடைமடைவரை நடுங்கள், மாசியில் கடைசித் தண்ணீர் பாயும்வரை நான் பொறுப்பு என்று அவர் ஊர்க் கூட்டத்தில் சொல்லியிருந்தார். எல்லோரும் நட்டார்கள். நாற்று வேர் பிடித்துப் பச்சை ஏறியிருந்தது. இப்போது மடையைத் திறந்து குளத்தை இறக்கினால், கோடையில் கரையை வெட்டிச் செப்பனிடும்வரை மீண்டும் நிரப்ப விடமாட்டார்கள். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் குளத்தில் தண்ணீர் இருக்காது. மேல்மடை எப்படியோ தப்பித்துக்கொள்ளும். கடைமடை காயும். அண்ணாச்சியின் சொந்த வயலும் கடைமடையில்தான்.

இன்னொன்றும் இருந்தது. கரையடியில் தொடங்கும் தெருவின் முதல் வீடு அவருடையது. கரை உடைந்தால் தண்ணீர் முதலில் நுழையும் வீடு. இதை அவர் சொல்லவில்லை. பொறியாளர்தான் கையை நீட்டிக் காட்டினார். அந்த வீட்டு மாடியில் யாரோ துணியைக் கொடியில் போடுவதா வேண்டாமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வேலை இதுதான். ட்ரோனில் இரண்டு கேமராக்கள். ஒன்று கண் பார்ப்பதுபோல் படம் எடுக்கும். மற்றது வெப்பத்தை எடுக்கும்; சூடான இடம் வெளுப்பாகவும் குளிர்ந்த இடம் கருப்பாகவும் பதியும். கணினிக்கு இரண்டுமே எண்கள் நிரப்பிய கட்டங்கள். ஒரு கட்டம் ஒரு பிக்சல். முதல் படத்தில் ஈரத் திட்டு எங்கே முடிகிறது என்று நிரல் கண்டுபிடித்து, அதன் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு போட்டுத் தரும். அந்தக் கோட்டின் மேல் பிக்சல் பிக்சலாக நடந்துபோய், அதே இடத்தில் வெப்பப் படத்தில் என்ன எண் இருக்கிறது என்று வாசித்து வர வேண்டும். மழைக்கால விடியலில் குளத்துத் தண்ணீர் கரை மண்ணைவிட வெதுவெதுப்பாக இருக்கும். தேங்கிய மழைநீர் என்றால் விளிம்பு நெடுக எண்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். எங்காவது குளத்துத் தண்ணீர் வந்து சேர்கிறது என்றால் அந்த இடத்தில் எண் ஏறும். எண்களை வரைபடமாகப் போட்டால் ஒன்று சமதரை தெரியும், அல்லது ஒரு மேடு தெரியும்.

இந்த நிரலை அந்த வாரம்தான் எழுதியிருந்தோம். அலுவலகத் தரையில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தை வைத்து, வெந்நீர் ஊற்றி, நாற்காலி மேல் ஏறி நின்று படம் எடுத்து, அதன் விளிம்பை வாசித்துச் சோதித்தோம். வாசித்த எண்கள் கையால் பார்த்த எண்களோடு ஒத்துப்போயின. சரி என்று பெட்டியைக் கட்டினோம்.

ட்ரோன் ஏறியது. திட்டின் நேர் மேலே போய் நின்று படம் எடுத்தது, இறங்கியது. பொறியாளரின் ஜீப்பில் பின்கதவைத் திறந்து வைத்து, குடைக்கு அடியில் மடிக்கணினியைத் திறந்தார் என் சக ஊழியர். படத்தை எங்கள் வழக்கப்படி சதுரமாக வெட்டினார். வாழைத் தோட்ட வேலைகளிலிருந்து வந்த வழக்கம் அது. எல்லாப் படமும் ஒரே அளவுச் சதுரமாக இருந்தால் எண்ணிப் பார்க்க வசதி. இடது கீழ் மூலையில் திட்டு இருந்தது. அதைச் சுற்றிப் பச்சைக் கோடு விழுந்தது. பார்க்க அழகாகவே இருந்தது. விரலால் வரைந்ததுபோல் திட்டின் ஒவ்வொரு வளைவையும் தொட்டுப் போனது.

பிறகு வரைபடம் வந்தது. சமதரை.

"மாற்றமே இல்ல சார்" என்றார் அவர் பொறியாளரிடம். "சுத்திலும் ஒரே மாதிரி இருக்கு."

பொறியாளர் மூச்சை விட்டது தெரிந்தது. அண்ணாச்சி துண்டைத் தலையிலிருந்து எடுத்து உதறினார்.

"நான் சொன்னப்பம் ஒருத்தரும் கேக்கல. இப்பம் பிளேன் சொல்லுது. இனிமேப்பட்டு குளத்துக்கு என்னைக் கூப்பிடாண்டாம், இந்தப் பிள்ளையக் கூப்பிடுங்க" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "என்ன சார்வாள், மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு? கசியலன்னா ஒமக்கு வருத்தமா?"

வருத்தமில்லை. பழைய அலுவலகத்தின் ஒரு விதி நினைவுக்கு வந்திருந்தது. வரிசையாக நிற்கிறவர்களின் படத்துக்குக் கீழே 'இடமிருந்து வலமாக' என்று பெயர்களைப் போடும்போது, தெரிந்த ஒரு முகத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்த பிறகுதான் அச்சுக்கு அனுப்ப வேண்டும். பெயர்ப் பட்டியல் சரியாக இருக்கலாம், படமும் சரியாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்த பிறகு தவறாகலாம். நான் சேர்வதற்கு முன்னால் ஒருமுறை படம் இடம் வலம் மாறி அச்சாகி, பரிசு கொடுத்தவர் வாங்கியவராகவும் வாங்கியவர் கொடுத்தவராகவும் திருநெல்வேலி ஜங்ஷன் முழுக்கப் பத்திரிகை விற்றிருக்கிறது. அன்றிலிருந்து அந்த விதி.

இந்தக் கோட்டில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. எல்லாம் சேறும் புல்லும்.

"யம்மா, இந்தக் கோட்டு மேல நமக்கு நிச்சயமாத் தெரிஞ்ச சூடு ஏதாவது வேணும்" என்றேன். "ஒண்ணை வச்சு இன்னொரு தடவை எடுப்போம். அது வரைபடத்துல வந்தா, நீ சொன்னது சரி."

அவர் வானத்தைப் பார்த்தார். "இன்னும் ஒரு பேட்டரிதான் இருக்கு அண்ணே. மழையும் வருது."

பொறியாளரின் கையில் போன் இருந்தது. எண்ணை அழுத்தியாகிவிட்டது, பேசத் தொடங்கவில்லை. "சார், தேவையா? ரிசல்ட் வந்துட்டுதே."

"ஒரே ஒரு தடவை."

"என்ன சூடு வேணும் ஒமக்கு?" என்றார் அண்ணாச்சி. "அடுப்பா? டீயா?"

"மனுஷ உடம்பே போதும்."

"அப்பம் நானே நிக்கேன். என் மொட்டைத் தலைக்கும் ஒரு வேல கெடச்சுதே." சரிவில் இறங்கத் தொடங்கிவிட்டார். நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை; தன் வாயால் சொன்னது உண்மையென்று ஆகப்போகிறது என்ற உற்சாகம் அவருக்கு. திட்டின் ஓரத்தில், ஒரு கால் ஈரத்திலும் ஒரு கால் புல்லிலுமாக நின்றார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "இங்கன போதுமா? சிரிக்கணுமாவே?"

"அசையாம நின்னாப் போதும் அண்ணாச்சி."

ட்ரோன் மீண்டும் ஏறியது. அதே இடம், அதே உயரம். காற்று எழுந்து அதைத் தள்ளியது. அது சாய்ந்து நிமிர்ந்தது. என் சக ஊழியரின் கட்டைவிரல்கள் வெளுத்திருந்தன. இறங்கும்போது முதல் தூறல் விழுந்துவிட்டது. மேல் சட்டைக்குள் ட்ரோனை அணைத்துக்கொண்டு ஜீப்புக்கு ஓடிவந்தார்.

வெப்பப் படத்தில் அண்ணாச்சி பளிச்சென்று இருந்தார். கருத்த கரையின் மேல் வெள்ளையாக ஒரு தலை, இரண்டு தோள்கள். கோட்டின் மேல் சரியாக நின்றிருந்தார். முதல் முறை போட்ட அதே கோட்டை இந்தப் படத்தின் மேல் வைத்து வாசிக்கச் சொன்னார் என் சக ஊழியர்.

சமதரை.

அவர் இன்னொரு முறை இயக்கினார். சமதரை. ஒரு மனிதர் கோட்டின் மேல் நிற்கிறார். கோட்டின் மேல் நடந்துபோன நிரல் அவரைச் சந்திக்கவே இல்லை.

"என்ன வந்துது?" என்று கீழேயிருந்து அண்ணாச்சி கத்தினார். "நல்லா விழுந்திருக்கனா?"

பொறியாளர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், போனை அணைத்துப் பையில் போட்டார்.

"அவரைக் காணோம் சார்" என்றேன்.

"காணோம்னா?"

"நிரல் வேற எங்கேயோ வாசிச்சுக்கிட்டு இருக்கு."

என் சக ஊழியர் நிரலுக்குத் திரும்பினார். வாசித்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கும்படி ஒரு வரி சேர்த்தார். மழை குடையில் தட்டியது. படம் திறந்தது. திட்டு இடது கீழ் மூலையில் கிடந்தது. சிவப்புப் புள்ளிகள் வலது மேல் மூலையில், கரையின் உச்சியில் வெறும் புல் இருந்த இடத்தில் இருந்தன. வரிசையாக, வளைவு வளைவாக, திட்டின் அதே வடிவத்தில், ஆனால் கவிழ்த்துப் போட்டதுபோல்.

"எக்ஸும் ஒய்யும் மாறிக் கெடக்கு அண்ணே" என்றார் மெதுவாக.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது தடுக்கி விழும் இடம் அது. விளிம்புக் கோட்டைத் தருகிற நிரல், ஒவ்வொரு புள்ளியையும் இடப்பக்கத்திலிருந்து எவ்வளவு, மேலிருந்து எவ்வளவு என்ற வரிசையில் தருகிறது. படத்தில் ஒரு கட்டத்தின் எண்ணைக் கேட்கும்போது மேலிருந்து எத்தனையாவது வரிசை, இடப்பக்கத்திலிருந்து எத்தனையாவது பத்தி என்று கேட்க வேண்டும். வந்ததை வந்தபடியே கொடுத்துக் கேட்டால் தலைகீழ். படம் நீளவாக்கில் இருந்தால் தவறு உடனே தெரிந்துவிடும். இல்லாத பத்தியைக் கேட்டதாக நிரல் நின்றுபோகும், திரை சிவக்கும். எங்கள் படங்கள் சதுரம். சதுரத்துக்குள் எதைத் தலைகீழாகக் கேட்டாலும் அங்கே ஒரு கட்டம் இருக்கும், அதில் ஓர் எண் இருக்கும். நிரல் ஒரு முறைகூட முனகவில்லை. தாம்பாளமோ வட்டம், அதைப் படத்தின் நட்டநடுவில் வைத்திருந்தோம். நடுவில் இருக்கும் வட்டத்தைக் கவிழ்த்தாலும் அதே வட்டம்தான். சோதனைக்கு இதைவிடத் தோதில்லாத பொருளை நாங்கள் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

என் சக ஊழியர் நிரலில் அந்த இரண்டு எழுத்துகளை இடம் மாற்றினார். மாற்றிய பிறகு விரல் கொஞ்ச நேரம் பட்டனின் மேலேயே நின்றது.

"போடு" என்றேன்.

வரைபடத்தில் ஒரு கூர்மையான கொம்பு எழுந்தது. அது அண்ணாச்சி. அவர் நின்ற இடத்தில், நின்ற அகலத்துக்கு. அதற்குக் கொஞ்சம் தள்ளி, கொம்பு இல்லாத இடத்தில், கோடு மெல்ல ஏறி, சிறிது தூரம் அப்படியே போய், மெல்ல இறங்கியது. மேடு. தாழ்ந்த, அகலமான மேடு.

முதலில் எடுத்த படத்தையும் வாசித்தோம். கொம்பு இல்லை, அப்போது அவர் அங்கே நிற்கவில்லை. மேடு அதே இடத்தில் இருந்தது.

விளிம்புப் பிக்சலை அப்படியே நம்பவும் கூடாது. பாதி ஈரம், பாதி காய்ந்த மண் இரண்டும் கலந்த எண் அதில் இருக்கும். கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒருமுறை, வெளியே தள்ளி ஒருமுறை வாசிக்கச் சொன்னேன். உள்ளே போனால் மேடு உயர்ந்தது. வெளியே வந்தால் மறைந்தது. படத்தின் மேல் அந்த இடத்தைக் குறித்தபோது பொறியாளர் குனிந்து பார்த்தார். கரையின் குறுக்கே மண்ணுக்குள் போகும் பழைய மடைக் குழாயின் பக்கவாட்டில் இருந்தது அது.

"அங்கதான் பயந்தேன்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

அதற்குள் அண்ணாச்சி மேலேறி வந்துவிட்டார். வழுக்கையில் மழை வழிந்தது. மூன்று பேரின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என்ன?"

பொறியாளர் சொன்னார். அண்ணாச்சி கேட்டுக்கொண்டே இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தலையைத் துடைத்தார். கோபம் பிறகுதான் வந்தது. அது என்னை நோக்கி வந்தது.

"என்னவே வெளையாடுதீரா? இந்தா, செத்த முந்தி இல்லன்னு சொன்னது இந்தப் பொட்டிதான? இதே பிள்ளதான? அதுக்குள்ள தண்ணி எங்கன இருந்து வந்துது? நான் நின்னு மிதிச்சதுல பொத்துக்கிட்டா?"

"முதல்ல அது பார்த்த இடமே வேற அண்ணாச்சி. எங்க தப்பு."

"ஒம்ம தப்புன்னா ஒம்ம வயல்ல காயப் போடும். என் வயல்ல எதுக்குக் காயப் போடுதீரு?"

என் சக ஊழியர் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார். "அண்ணாச்சி, மொதல்ல வாசிச்சப்ப நீங்க நின்னதே அதுக்குத் தெரியல. இந்தா பாருங்க, இதுல நீங்க இல்ல. இப்ப இருக்கீங்க. இந்தக் கொம்பு நீங்கதான்."

அவர் பார்த்தார். சமதரையையும் பார்த்தார், கொம்பையும் பார்த்தார். அவர் விரல் திரையில் கொம்பைத் தொட்டது. அதை விட்டு நகர்ந்து மேட்டின் மேல் போய் நின்றது.

"இது நான் இல்ல."

"இல்ல."

"நான் நிக்காம போயிருந்தா நீங்க இல்லன்னுட்டுப் போயிருப்பிய."

"ஆமா" என்றார் என் சக ஊழியர். அண்ணாச்சியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பொறியாளர் என் பக்கம் திரும்பினார். "சார், உறுதியாச் சொல்லுங்க. நான் இப்ப போன் போடணும்."

"அந்த இடத்துல மண்ணைவிடச் சூடா இருக்கு. ரெண்டு படத்துலயும் இருக்கு. மழைத் தண்ணி அப்படி இருக்காது. கரையைப் பிளந்து பார்க்காம உறுதின்னு எழுத மாட்டேன்."

"பிளந்து பார்க்கவா முடியும்" என்றார். கொஞ்ச தூரம் நடந்துபோய்ப் பேசினார். இரைச்சலில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. தலையை ஆட்டுவது மட்டும் தெரிந்தது. திரும்பி வந்து, "திறக்கணும் அண்ணாச்சி" என்றார்.

அண்ணாச்சி வயல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைமடை அங்கிருந்து தெரியாது, மழை மறைத்திருந்தது. தன் வீட்டு மாடியை ஒரு தடவை பார்த்தார். துணி போட வந்தவர் உள்ளே போயிருந்தார்.

"ஊர்க்காரன் எல்லாம் என்னையக் கேப்பானே" என்றார். "பொறுப்புன்னு சொன்னியே, எங்கலே தண்ணின்னு கேப்பான். பொட்டி சொல்லிச்சுன்னு சொல்லவா? மொதல்ல இல்லன்னு சொல்லிச்சு, அப்புறம் இருக்குன்னு சொல்லிச்சுன்னு சொல்லவா?"

"நான் எழுதித் தாரேன்" என்றார் பொறியாளர்.

"நீரு எழுதித் தாரதைக் கஞ்சி வச்சுக் குடிக்கவா?"

மடைக்குப் போகும் வழி சறுக்கலாக இருந்தது. மடையைத் தூக்கும் திருகுக்கம்பி துருப்பிடித்து நின்றது. பொறியாளர் ஆளைக் கூப்பிட்டிருந்தார். வர நேரமாகும் என்றார்கள். அண்ணாச்சி காத்திருக்கவில்லை. துண்டைத் திருகின் கைப்பிடியில் சுற்றி, தோளைக் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை. பொறியாளர் மறுபக்கம் பிடிக்கப் போனார். "விடும்வே, பைய" என்றார் அண்ணாச்சி. ஆனால் அவர் கையைத் தள்ளிவிடவில்லை. இரண்டு பேருமாகச் சுற்றினார்கள். முதலில் கம்பி கிறீச்சிட்டது. பிறகு காலுக்கடியில் மண் லேசாக அதிர்ந்தது. கரையின் மறுபக்கம் கால்வாயில் தண்ணீர் பழுப்பாக எழுந்து ஓடியது.

நாங்கள் ஜீப்பில் பாளையங்கோட்டைக்குத் திரும்பும்போது மழை வலுத்துவிட்டது. என் சக ஊழியர் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சிவப்புப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டு வந்தார். "தாம்பாளத்துக்குப் பதிலா ஒரு செருப்பை ஓரமா வச்சிருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்கும் அண்ணே" என்றார் ஒரே ஒரு முறை. இப்போதும் எங்கள் அலுவலகத்தில் எந்த நிரலையும் ஒரு செருப்பை வைத்துத்தான் சோதிக்கிறோம். படத்தின் மூலையில், கோணலாக.

அந்த மழையில் கரை நின்றது. குளம் பாதியில் இருந்தது. தண்ணீர் இறங்க இறங்க, மழை பெய்துகொண்டிருக்கும்போதே திட்டு சுருங்கியதாகப் பொறியாளர் போனில் சொன்னார். அண்ணாச்சியிடம் கேட்டால் அப்படி ஒன்றும் இல்லை என்பார் என்றும் சொன்னார். மாசியில் கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை. கதிர் வந்தது, உள்ளே அரிசி பிடிக்கவில்லை. நின்ற பயிரில் மாட்டைக் கட்டினார்கள்.

சித்திரையில் கரையை வெட்டினார்கள். அறிக்கைக்குப் படம் வேண்டும் என்று பொறியாளர் எங்களைக் கூப்பிட்டார். வெயிலில் குளம் நடுவில் மட்டும் கலங்கிக் கிடந்தது. ஜேசிபி பழைய மடைக் குழாயை ஒட்டி மண்ணை அள்ளிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது. குழாயின் செங்கல் சுவருக்குப் பக்கத்தில் ஒரு பொந்து தெரிந்தது.

அண்ணாச்சி அங்கே இருந்தார். நாங்கள் வந்ததைப் பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை. குழியில் இறங்கி மண்டியிட்டு, பொந்துக்குள் கையை விட்டார். மணிக்கட்டுவரை போனது. முழங்கைவரை போனது. கன்னம் செங்கல்லில் படும்வரை கையை உள்ளே விட்டார். வெளியே எடுத்தபோது விரல் நுனிகளில் குழைந்த சேறு இருந்தது.

"கோடையில வெடிச்ச வெடிப்புன்னும் சொல்லலாம்" என்றார்.

"வெடிப்புல இவ்வளவு ஈரம் இருக்குமா அண்ணாச்சி?" என்றார் பொறியாளர்.

"சொல்லலாம்னுதான் சொன்னேன்."

அவர் மேலேறி வந்து எங்கள் அருகில் நின்றார். "அன்னைக்கு நான் எங்கனவே நின்னேன்?"

என் சக ஊழியர் மடிக்கணினியைத் திறந்து அந்தப் படத்தைக் காட்டினார். கருத்த கரையில் ஒரு வெள்ளைத் தலை. அதிலிருந்து ஒரு கை நீட்டும் தூரத்தில், நாங்கள் பிறகு குறித்து வைத்த இடம். இப்போது ஜேசிபி வாயைப் பிளந்து நிற்கும் அதே இடம்.

அண்ணாச்சி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"மொட்டை நல்லாப் பளபளன்னு இருக்கு" என்றார். பிறகு, சேற்று விரலைத் திரையில் படாமல் நீட்டி, படத்தின் கீழ் ஓரத்தைக் காட்டினார். "வயலைக் காணோமே?"

"சதுரமா வெட்டும்போது போயிட்டுது அண்ணாச்சி" என்றேன்.

"ம்" என்றார். சேற்றைப் புல்லில் துடைத்துவிட்டு, மறுபடியும் குழிக்குள் இறங்கினார்.